கொட்டிவிட்டுப் போன தூரம்

ரோட்டர்டாமுக்கும் எங்கள் கம்பெனிக்கும் நடுவில் இருந்த தூரத்தை எடுத்தபோது, எடுத்த தூரத்தை எங்கள் தெருவில் கொட்டிவிட்டுப் போனார்கள்.

தூரம் அழிகிற பொருள் இல்லை. ஓரிடத்தில் எடுத்தால் இன்னோரிடத்தில் போட்டுத்தான் ஆக வேண்டும். ஊருக்கு வெளியே, கரடு ஓரமாகக் கொட்டுவதாகத்தான் பேச்சு. காண்ட்ராக்டர் டீசல் மிச்சம் பிடிக்கப் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம், கரூரே கறிச்சோறு தின்றுவிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில், வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எங்கள் தெருவில் சாய்த்துவிட்டார். அதையும் நீளவாக்கில் சாய்த்திருந்தால் பரவாயில்லை. தெருமுனைக் கடைக்குப் போக நேரமாகும், அவ்வளவுதான். அவர் அகலவாக்கில் சாய்த்தார். நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது எதிர்வீடு ஒரு கடுகளவு தெரிந்தது.

எதிர்வீடு என் மச்சான் சென்னியப்பனுடையது. என் மனைவி கோகிலவாணியின் கூடப்பிறந்த அண்ணன். தாளிக்கும்போது கறிவேப்பிலை இல்லையென்றால் கோகிலா எதிர்வீட்டுக்கு ஓடிப் பறித்துக்கொண்டு வருவாள். கடுகு கருகுவதற்குள் வந்துவிடுவாள். அப்படி இருந்த வீட்டுக்கு இப்போது கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். கவுன்சிலரிடம் போய்ச் சொன்னேன். "அது நம்ம வார்டுத் தூரம் இல்லீங்களே. உலகத்துத் தூரம். அதுல நாங்க கை வெக்க முடியாதுங்" என்றார். குப்பையென்றால் எடுப்பார்களாம்.

ரோட்டர்டாம் எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டது. துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறி நின்றால் அந்த ஐரோப்பியத் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். எங்கள் கம்பெனியில் துண்டு, திரைச்சீலை, குஷன் எல்லாம் தயாராகி அங்கேதான் போகின்றன. நான் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். நூல் பிசிறு, கறை, கோணல் தையல் இருந்தால் சிவப்பு அம்புக்குறி ஒட்டி, செகண்ட்ஸ் என்று கழித்துவிடுவது என் வேலை. மச்சான் தன் வீட்டுக் கொல்லையில் ஷெட் போட்டு, இதே கம்பெனிக்குக் குஷன் தைத்துக் கொடுக்கிறார். ஆகவே ரோட்டர்டாம் அவர் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமும் வந்துவிட்டது. சரக்கெல்லாம் சுவர்மேல் தூக்கி வைத்தால் போய்விடுகிறது. முதலாளி சந்தோஷமாக இருக்கிறார். ஆனால் அவர் வீட்டுத் தெருவில் யாரும் எதையும் கொட்டவில்லை.

இதெல்லாம் நடந்து கொஞ்ச நாளில் என் மகள் மிதுலாவுக்குக் காதுகுத்து வைக்க நாள் பார்த்தோம். காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். வேறு மடி ஆகாது. சித்தப்பன் மடி இருக்கிறது, பெரியப்பன் மடி இருக்கிறது. அவையெல்லாம் மற்ற நாளைக்கு. சென்னியப்பன் மடியில் உட்கார்ந்து குத்தினால்தான் அது காது, இல்லாவிட்டால் வெறும் ஓட்டை என்று கோகிலா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருத் தூரத்தை ஆராய மூன்று சமூகவியல் அறிஞர்கள் வந்து எங்கள் வீட்டில் இறங்கினார்கள். ஊரில் லாட்ஜ் இல்லாமல் இல்லை. களத்தில் தங்க வேண்டுமாம். களம் என்றால் எங்கள் முன்னறை.

முதலாமவர் பேராசிரியர் தில்லைநாயகம். தூரம் செத்துவிட்டது என்பது அவர் கட்சி. இனி நாடு, எல்லை, ஊர் எல்லாம் பழங்கதை, மனிதகுலம் முழுவதும் ஒரே சந்தை என்று சாப்பிடும்போதும் சொல்வார். இரண்டாமவர் பேராசிரியை ஜெனோவா. புதிதாக எதுவும் நடக்கவில்லை என்பது அவர் கட்சி. அமராவதி ஆற்று மணலில் ரோமாபுரிக் காசு கிடைத்த ஊர் இது, அன்றைக்கு நடந்ததுதான் இன்றைக்கும் நடக்கிறது, பெரியவன் வாங்குகிறான், சின்னவன் நெய்கிறான் என்பார். மூன்றாமவர் முனைவர் கபீர். தூரம் சாகவும் இல்லை, அப்படியே இருக்கவும் இல்லை, உருமாறிக்கொண்டிருக்கிறது என்பது அவர் எண்ணம். அவர் வாயைத் திறந்தால் மற்ற இருவரும் ஒன்றுசேர்ந்து அடக்கிவிடுவார்கள். அவர்கள் இருவரும் ஒன்றுசேர்வது அதற்கு மட்டும்தான்.

"தூரம் செத்துப்போச்சுன்னா, எங்க அண்ணன் வீட்டுக்குப் போகச் சோறு எதுக்குங்க கட்டறேன்?" என்று கோகிலா புளிச்சோற்றை அமுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அது எச்சம்மா. பழைய காலத்தோட எச்சம்" என்றார் தில்லைநாயகம். அந்தப் புளிச்சோற்றிலும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சோறு எனக்குத்தான். தாய்மாமனை நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். போனில் கூப்பிடலாமே என்று நான் கேட்டுப் பார்த்தேன். போனுக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. மச்சான் எதிர்வீட்டில் இருமினால்கூடத் தெளிவாகக் கேட்கிறது. கோகிலா என்னைப் பார்த்த பார்வையில் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

எங்கள் தெருவில் கொட்டிய தூரத்தில் பெரும்பகுதி கடல் தூரம். தண்ணீரை அங்கேயே விட்டுவிட்டுத் தூரத்தை மட்டும் எடுத்து வந்திருக்கிறார்கள். அதனால் கால் நனையாது, ஆனால் நடக்க நடக்கக் குமட்டும். எலுமிச்சம்பழம் முகர்ந்துகொண்டே நடந்தேன். வழியில் ஒருவர் டீக்கடை போட்டிருந்தார். எந்த ஊர் என்றால் "இங்கதானுங்க" என்றார். தட்டில் வெற்றிலை வாடி, கருத்து, கடைசியில் சருகாகிவிட்டது. எதிர்வீடு கடுகிலிருந்து மிளகு அளவுக்கு வந்திருந்தது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. எதிர்வீடு அய்யா, எதிர்வீடு! வாசலில் கோலம் போட்டால் மாவு அந்தப் பக்கம் சிந்தும், அந்த எதிர்வீடு!

நான் வருவதை அங்கிருந்து பார்த்துவிட்டு மச்சானும் கிளம்பியிருக்கிறார். நடுவழியில் ஒருவரையொருவர் கண்டுகொண்டோம். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்ள" என்றார், வீட்டு வாசலில் நிற்பது போலவே.

"மிதுலாவுக்குக் காது குத்தறோமுங் மச்சான். நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணும்" என்று சருகை நீட்டினேன்.

அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நடுரோட்டுல வாங்கிக்கிட்டேன்னு அங்க தங்கச்சிகிட்டயும் சொல்லாதீங்க, இங்க உங்க தங்கச்சிகிட்டயும் சொல்லாதீங்க" என்றார். அவர் தங்கை என் மனைவி. என் தங்கை முறையாகிறவள் அவர் மனைவி. இரண்டு பேரிடமும் நாங்கள் சொல்லவில்லை.

வீடு திரும்பியதும்தான் அடுத்த தலைவலி. மச்சானுக்கு அந்தப் பாதி வழி நடந்ததிலேயே முழங்கால் வீங்கிவிட்டது. இன்னொரு முறை, அதுவும் முழு வழியும், சீர்த்தட்டோடு நடக்க அவரால் ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கோகிலா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுதால் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. காண்ட்ராக்டர் வேறு ஊர்த் தூரம் அள்ளப் போயிருந்தார்.

ரோட்டர்டாம் வழியாக வரலாமே என்று தோன்றியது. அவர் தன் கொல்லைச் சுவரேறி ரோட்டர்டாமில் குதித்து, எங்கள் கொல்லைச் சுவரேறி இந்தப் பக்கம் இறங்கினால் ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகாது. துவைக்கும் கல்லில் ஏறி, அந்தப் பக்கம் காவலுக்கு நிற்கும் அதிகாரியைக் கூப்பிட்டேன். வெள்ளைக்காரப் பையன்தான். எங்கள் சுவரோரமே நின்று நின்று அவனுக்கு எங்கள் பேச்சு வந்துவிட்டது.

"சரக்கு வரலாமுங். ஆள் வரக்கூடாதுங்" என்றான்.

"எதிர்வீட்டுக்காரருங்க. சும்மா தாண்டிட்டு இந்தப் பக்கம் எறங்கிடுவாரு."

"எறங்கறதும் ஆகாதுங். இங்கிருந்து உங்க பக்கம் எறங்கறது கழிச்ச சரக்கு மட்டுந்தானுங்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தில்லைநாயகம், எல்லை என்பதே இப்போது கிடையாது என்று அவனிடம் எடுத்துச் சொல்லிவிட்டு, சுவர்மேல் ஒரு காலைப் போட்டார். அவன் மரியாதையாக அந்தக் காலை எடுத்து இந்தப் பக்கமே விட்டான். சோழர் காலத்திலும் சுங்கச்சாவடி இருந்தது என்றார் ஜெனோவா. "எல்லை போகலை, சல்லடையா மாறியிருக்கு" என்று கபீர் ஆரம்பித்தார். இருவரும் சேர்ந்து அவரை அடக்கினார்கள். நான் கல்லை விட்டு இறங்கி, மூவருக்கும் காப்பி போடச் சொன்னேன். வேறென்ன செய்வது?

அன்று சாயங்காலம் மச்சான்தான் போன் செய்தார். "மாப்ள, என்னையக் குஷன்னு சொல்லி அனுப்பிப் போட்டா என்னங்?"

நல்ல யோசனைதான். குஷன் தைக்கிற கை; குஷனுக்கு என்ன லட்சணம் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆளும் கொஞ்சம் பூசினாற்போல இருப்பார். அவர் கொல்லையிலிருந்து குஷனாகப் போவதில் ஒரு தடையும் இல்லை. ஆனால் அங்கிருந்து எங்கள் கொல்லையில் இறங்க வேண்டுமென்றால் அவரைக் கழிக்க வேண்டும். அதைச் சொன்னேன்.

"நான் செகண்ட்ஸா மாப்ள?" என்றார்.

கோகிலா போனைப் பிடுங்கினாள். "அண்ணா, என்ர புள்ளைக்காக ஒரே ஒரு நாளைக்குச் செகண்ட்ஸா இருங்ணா. ஊர்ல யாருக்கும் தெரியாதுங்ணா" என்றாள். அவர் சரி என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

மனிதனைச் சரக்காக அனுப்புவது பற்றி எங்கள் முன்னறையில் பெரிய விவாதம் நடந்தது. விரும்பியவன் விரும்பியபடி சரக்காகி எல்லை கடக்கலாம் என்றால் அதுவே விடுதலை என்றார் தில்லைநாயகம். இலங்கைக்கும் மலேயாவுக்கும் நம் ஆட்களைக் கப்பலில் ஏற்றியதும் இப்படித்தானே, இதில் என்ன புதுமை என்று மேசையைத் தட்டினார் ஜெனோவா. இம்முறை போகிறவரே தன்னை ஏற்றிக்கொள்கிறார், அதுதான் புதிது, ஆனால் முழுக்கப் புதிதென்றும் சொல்ல முடியாது என்றார் கபீர். மூன்று பேர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் எதை வைத்தும் குழந்தைக்குக் காது குத்த முடியாது.

காதுகுத்து நாளன்று கொல்லையிலேயே பந்தல் போட்டோம், மச்சான் இறங்கியதும் நேராக மணையில் உட்காரட்டும் என்று. ஆசாரி தங்கக் கம்பியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். சொந்தபந்தம் எல்லாம் வந்தாயிற்று. மிதுலாவுக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டியிருந்தது. குழந்தை "மாமா எங்கே, மாமா எங்கே" என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துவைக்கும் கல்லின் மேல் நின்றேன்.

மச்சான் அந்தப் பக்கம் வந்துவிட்டார். மிதுலாவுக்குக் கொண்டுவந்த சீர்மாலையை இடுப்புக்குப் பின்னால் ஒளித்துப் பிடித்திருந்தார். ஒரு மேசைமேல் அவரை உட்காரவைத்து, பரிசோதனைக்காரி ஒருத்தி டார்ச் அடித்துப் பார்த்தாள். டேப்பை வைத்து நீளம், அகலம், கனம் எல்லாம் அளந்தாள். நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம்: தொப்பையைத் தளர்த்தி விட வேண்டும், ஒரு பக்கமாகச் சாய வேண்டும், வேட்டியில் மஞ்சள்கறை இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினவர்தான். ஆனால் ஆள் அப்படி. யாராவது தன்னைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்றால் தோற்க மனம் வராது. டார்ச் வெளிச்சம் மேலே பட்டதும் தொப்பையை உள்ளே இழுத்து, முதுகை நிமிர்த்தி, மீசையை நீவிவிட்டுக்கொண்டார். வேட்டியும் சலவை வேட்டி.

"மச்சான், சாயுங்க!" என்று கத்தினேன். அவர் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"முழங்கால் வீக்கம் இருக்குதுங்க, அதைப் பாருங்க!" என்று பரிசோதனைக்காரியிடம் கத்தினேன். நான் சொன்னதை அதிகாரிப் பையன் அவளுக்குச் சொன்னான். அவள் சொன்னதை எனக்குச் சொன்னான்.

"வலி கண்ணுக்குத் தெரியற கொறை இல்லைன்னு சொல்றாங்க. முதல் தரமுங்."

பந்தலில் இதைச் சொன்னேன். கோகிலா தலையில் கை வைத்துக்கொண்டாள். "எங்கண்ணன் பள்ளிக்கூடத்துல ஒரு பரீட்சை பாஸானதில்லை. இன்னிக்குன்னு பாத்துத்தானா பாஸாகோணும்?" என்றாள். ஆசாரி நேரம் போகிறது என்று முனகினார். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ராகுகாலத்துக்கு உலகம் சுருங்கினாலும் ஒன்றுதான், விரிந்தாலும் ஒன்றுதான். எனக்கு அந்தச் சுவரை இடித்துவிடலாம் போலிருந்தது. இத்தனை வருடம் எத்தனை நல்ல துண்டை நூல் பிசிறு என்று கழித்திருப்பார்கள்! எங்கள் வீட்டு ஆள் ஒருவரை, நாங்களே கேட்டும், கழிக்கமாட்டேன் என்கிறார்கள்.

பரிசோதனைக்காரி போகிற போக்கில் மறுபடி திரும்பிப் பார்த்தாள். ஒப்புதல் ஆன மாதிரிக் குஷன் ஒன்றைக் கையில் எடுத்து, மச்சானுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். அதிகாரிப் பையனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள்.

"மாதிரியில மடி இல்லைங்களாம்" என்றான் அவன். "மத்ததெல்லாம் எடுத்துக்கறாங்க. மடிய மட்டும் கழிக்கறாங்க."

கொஞ்ச நேரத்தில் ஓர் அட்டைப்பெட்டி சுவர்மேல் வந்தது. இறக்கிப் பிரித்தேன். உள்ளே மச்சானின் மடி இருந்தது. சலவை வேட்டி, பச்சைக்கரை, சம்மணமிட்ட வாக்கிலேயே, கதகதப்பாக. இடது தொடை மேல் சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, மடியைத் தூக்கி மணைமேல் வைத்தேன்.

"எங்கண்ணன் மடிதான்" என்றாள் கோகிலா, தொட்டுப் பார்த்து. ஆசாரியும் தலையாட்டினார். அப்புறம் யாரும் நேரத்தை வீணாக்கவில்லை.

மிதுலா ஓடிவந்து மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி வலது காதைக் குத்தினார். வீரிட்டு அழுதாள். மடி லேசாகக் குலுங்கி அவளை ஆட்டியது. மச்சான் எப்போதும் ஆட்டுவது அந்த ஆட்டம்தான், கொஞ்சம் வலது பக்கம் இழுத்தாற்போல. இடது காதையும் குத்தி முடிக்கும்வரை மடி நிறுத்தவில்லை. நான் அழக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. தில்லைநாயகம் மூக்கைச் சிந்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் மச்சான் எம்பி எம்பிப் பார்த்து, ஒளித்து வைத்திருந்த மாலையை இந்தப் பக்கம் வீசினார். அது கழித்த சரக்கு இல்லையென்று அதிகாரிப் பையன் பிடித்து வைத்துக்கொண்டான்.

மடி இருப்பது கரூரிலா ரோட்டர்டாமிலா என்று மூன்று அறிஞர்களும் பந்தியில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். பாயசம் ஆறிப்போகிறது, சாப்பிட்டுவிட்டு வேறு களம் பாருங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். கபீர் மட்டும் போகும்போது மடியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மச்சான் முதல் தரம் என்பதால் அவரை அவர்கள் திருப்பி அனுப்புவதாக இல்லை. சுவரையொட்டிய ஒரு கடை வாசலில் வைத்திருக்கிறார்கள். மடி இல்லாததால் அவர் உட்காருவதில்லை, நின்றுகொண்டே இருக்கிறார். முழங்காலுக்கு அதுவே நல்லது என்று சொல்கிறார். எதிர்வீட்டில் அவர் மனைவி தினமும் தன் பக்கத்துச் சுவர் வழியாக அவருக்குச் சோறு அனுப்புகிறாள். அடுப்படிச் சாமான் என்றால் விட்டுவிடுகிறார்கள். மடியையாவது தன்னிடம் கொடுங்கள் என்று எங்களிடம் போனில் கேட்கிறாள். நியாயம்தான். ஆனால் சுவர் வழியாக அனுப்பினால் மறுபடி கழித்து எங்கள் பக்கமே போடுவார்கள். தெரு வழியாக அனுப்பலாம் என்றால் மடி எழுந்து நடக்க வேண்டும். எழுந்தால் அது மடியாக இருக்காது. தூக்கிக்கொண்டு போக எனக்குக் கம்பெனியில் லீவு கிடையாது.

ஆகவே மடி எங்கள் முன்னறையில் இருக்கிறது. மத்தியானம் மிதுலா அதில்தான் தூங்குகிறாள். அவள் தூங்கும்போது அந்தப் பக்கம் மச்சான், யார் வந்து என்ன கேட்டாலும் பேசாமல், அசையாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நிற்கிறார். அவள் எழுந்துவிட்டாள் என்று துவைக்கும் கல்லில் ஏறிச் சொன்னால்தான் அசைவார். அதற்கும் தினமும் நான்தான் ஏற வேண்டியிருக்கிறது.